மாதாவுக்கு வலித்தது என்று சொன்னேன்

சங்கு அழுகும் நாற்றம் தெரியுமா உங்களுக்கு? போன மாதம் ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் படுக்கவைத்திருந்த சங்குகளில் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். விற்கிற பெண் சிரித்தாள். எல்லாரும் காதில்தான் வைப்பாங்க மேடம் என்றாள். காதில் வைத்தால் கடல் கேட்குமாம். கேட்கட்டும். எனக்கு வேண்டியது கடைசிச் சுருளுக்குள் இருந்தது. எத்தனை தரம் கழுவினாலும் போகாத ஒன்று, செத்த சதையின் ஓர் இழை. அது போதும். அந்தக் கடையின் குளிரூட்டி, கண்ணாடி, அந்தப் பெண் எல்லாம் போய், தூத்துக்குடியில் ஒரு கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன்.

எழுபதுகளின் நடுவில் அது. என் கணவருக்குப் புதுத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. எங்கள் ஊரில் கல்யாணமான பெண் தாய் வீட்டைவிட்டு நகர்வதில்லை. மாப்பிள்ளைதான் வந்து போவார். நான் நகர்ந்தேன். உம்மா அழுதார், நகர்ந்தேன். கடலை ஒட்டிய ஒரு கத்தோலிக்கத் தெருவில் பாதி வீடு வாடகைக்குக் கிடைத்தது. மறுபாதியில் வீட்டுக்காரம்மாவும் அவருடைய மருமகளும். மகன் தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவன், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. இரண்டு பாதிக்கும் பின்னால் பொதுவாக ஒரு கிணறு. கிணற்றடிக்கு அவர்கள் பக்கம் ஒரு கதவு, எங்கள் பக்கம் ஒரு கதவு. தெருக்கோடியில் சங்குக் குடோன்.

முங்கி எடுத்த சங்கை அப்படியே அனுப்ப முடியாது. உள்ளே உயிர் இருக்கும். குவித்துப் போட்டு, சதை அழுகி ஒழுகும்வரை விட்டு, பிறகு அலசி, மூட்டை கட்டி ரயிலேற்றினால், கல்கத்தாப் பக்கம் எவளோ ஒரு கல்யாணப் பெண்ணின் கையில் வளையலாகும். முங்கினவர்களில் எங்கள் முஸ்லிம் ஆட்களும் உண்டு, மாதாவைக் கும்பிடுகிறவர்களும் உண்டு. போட்டுக்கொள்கிறவள் இரண்டிலும் சேராதவள். நாற்றம் மட்டும் எங்கள் தெருவுக்கு.

எனக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில். காற்று குடோன் பக்கமிருந்து திரும்பினால் வாசல் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடுவேன். அங்கே ஏற்கெனவே ஒருத்தி குனிந்து நிற்பாள். மருமகள்காரி. என்னைவிட இரண்டு மாதம் முந்தினவள். கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் வாந்தியெடுத்துத்தான் அறிமுகமானோம். வாயைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்து, உங்க ஆளுகளுக்கும் இது நாறத்தான் செய்யுதா என்று கேட்டாள். அத்தரில் நனைத்த பஞ்சைக் கொடுத்தேன். மூக்கில் வைத்து நான்கைந்து தும்மல் தும்மிவிட்டு, இதுக்குச் சங்கே தேவல என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவளுடைய மாமியாருக்கு நாற்றமே கிடையாது. இந்த மணத்துலதான் எம்மவன் வளந்தான், ஒங்களுக்கு மட்டும் என்ன பவுசு என்று உள்ளிருந்து குரல் வரும்.

சுமந்திருக்கிற பெண் மர்யம் சூராவை ஓதிவருவது எங்கள் வீடுகளில் வழக்கம். ஏசுவை நாங்கள் ஈஸா நபி என்போம்; அவருடைய தாய், மர்யம், அவர்களுடைய பேரில் இருக்கிற அத்தியாயம். பேறு லேசாகும் என்பார்கள். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். மதியத் தொழுகை முடிந்ததும் கிணற்றடிக் கதவோரம் முக்காடு போட்டு உட்கார்ந்து ஓதுவேன். அந்த அத்தியாயத்துக்கு ஓர் அலை உண்டு. ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி வந்து ஒரே மாதிரி உடையும். அதில் ‘மர்யம்’ வரும் இடத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் துணி அடிக்கிற சத்தம் நின்றது.

“ஏளா, அங்கன எங்க மாதா பேரு கேக்குதே. என்னத்தளா சொல்லுத?”

அவளாகக் கேட்டாள். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன்: அவளாகக் கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். பதில் சொன்னதற்காக நான் எவரிடமும் தலை குனிந்ததில்லை, இனியும் குனியப்போவதில்லை.

உங்கள் மாதாவைப் பற்றித்தான் என்றேன். நம்பவில்லை. உங்க வேதத்தில் எங்க மாதாவுக்கு என்ன வேலை என்றாள். குர்ஆனில் பேர் சொல்லிப் பேசப்படுகிற ஒரே பெண் அவர்கள்தான் என்றதும் துணியைக் கல்லிலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், சொல்லு என்றாள். சொன்னேன். வானவர் வந்தது, எந்த ஆணும் என்னைத் தொடவில்லையே என்று அவர்கள் கேட்டது, அதுவரை அவளும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். எங்களுக்கும் அப்பிடித்தான், அப்பிடித்தான் என்றாள். பிறகு, வலி வந்து அவர்களை ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுபோனது என்றேன்.

தலையாட்டல் நின்றது.

மாட்டுத் தொழுவம்தான், மரமில்லை என்றாள். உங்களுக்குத் தொழுவம், எங்களுக்கு மரம் என்றேன். அது கெடக்கட்டும், வலியா, என்றாள். எங்கள் மாதாவுக்கு வலி கிடையாது, கண்ணாடிக்குள்ளே வெயில் நுழைகிற மாதிரி பிள்ளை வந்தது, கோயிலில் அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்றாள்.

“எங்க மர்யமுக்கு வலிச்சிது” என்றேன். “இதுக்கு முன்னாடியே செத்துப் போயிருக்கலாமேன்னு சொன்னாங்க. அவ்வளவு வலி.”

அவள் கிணற்றுச் சுவரில் நகத்தால் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய முதல் பிள்ளை அழாமலே வந்த பிள்ளை. அதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள். கழுவி வெள்ளைத்துணியில் சுற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள், என் கையில் கொடுக்கவில்லை, என்றாள். இந்த முறையும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்து தினமும் மாதா சொரூபத்துக்கு முன்னால் நிற்கிறேன், அந்த முகத்தைப் பார்க்கிறேன், இவளுக்கு வலின்னா என்னன்னு தெரியாதே, இவளிடம் போய் என்ன கேட்பது என்று திரும்பி வந்துவிடுகிறேன், என்றாள்.

பிறகு, அந்த மரத்தடியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

அன்றிலிருந்து மதியமானால் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஓதி முடித்ததும் அந்த இடத்தைத் தமிழில் கேட்பாள். கவலைப்படாதே என்று கீழேயிருந்து ஒரு குரல், காலடியில் ஓர் ஊற்று, மரத்தை உலுக்கினால் உதிர்கிற பழம். வலியோடு இருக்கிறவளைப் போய் மரத்தை உலுக்கச் சொன்னது யார், ஆம்பிளையாத்தான் இருக்கும் என்பாள். கொழும்பிலிருந்து வந்த பேரீச்சம்பழம் கொஞ்சம் எங்களிடம் இருந்தது. தின்று கொட்டையைக் கிணற்றடியில் புதைத்து வைத்தாள். இந்த மண்ணில் பனைதான் வரும், தெரிந்தேதான் புதைத்தாள்.

ஒருநாள் கேட்டாள், அப்படியென்றால் ஏசுவும் உங்களுக்குச் சாமிதானே என்று. முகமெல்லாம் மலர்ந்து கேட்டாள். ஒரு தலையாட்டல் போதும், அவ்வளவுதான், இருவரும் சந்தோஷமாக இருந்திருப்போம். இல்லை என்றேன். எங்களுக்கு அவர் நபி. பெரிய நபி. பேர் சொன்னால் ஸலாம் சேர்த்துத்தான் சொல்வோம். ஆனால் சாமி இல்லை, சாமியின் மகனும் இல்லை. அல்லாஹ்வுக்குப் பிள்ளை கிடையாது என்றேன். அவள் முகம் மூடிக்கொண்டது. எழுந்தாள்.

“கொஞ்சம் இனிக்கச் சொல்லியிருக்கலாம்ல” என்றாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அந்த வாரமெல்லாம் அந்தக் கதவு திறக்கவில்லை. நான் ஓதினேன். சாத்தின கதவைப் பார்த்து ஓதினேன். குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவுமில்லை. பிறகு ஒரு மதியம் அவளாகக் கதவைத் திறந்து வந்து உட்கார்ந்தாள். நீ சொன்னது எனக்குப் பிடிக்கல, எங்க ஏசு சாமிதான் என்றாள். சரி என்றேன். அது வேற, மரத்தடி வேற என்றாள். அதற்கும் சரி என்றேன். “எனக்கு வலி வரும்போது நீ இங்கன இருக்கணும். அந்த எடத்த ஓதணும். வாக்குக் குடு” என்றாள்.

கொடுத்தேன். கிணற்றுச் சுவரில் கையடித்துக் கொடுத்தேன்.

இதற்கிடையில் எங்கள் ஊரிலிருந்து காக்கா வந்தார். எங்கள் பேச்சில் அண்ணனுக்குக் காக்கா என்று பேர். நல்ல மனிதர். ஐந்து வேளை தவறாதவர், என்மேல் உயிராக இருப்பவர். பக்கத்து வீட்டுக்காரி தினமும் வந்து உட்கார்ந்து கேட்கிறாள் என்று தெரிந்ததும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நன்மையே உன் வாசலைத் தட்டியிருக்கிறது, அவள் மனசு இளகிக் கிடக்கிறது, இப்போதே கலிமாவைச் சொல்லிக்கொடுத்துவிடு, பேறு நல்லபடி முடியும் என்று சொல், நம் மார்க்கத்துக்கு வந்துவிடுவாள் என்றார்.

அவருக்கு மீன் ஆணம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்துவிட்டேன்.

“காக்கா, அவ பயந்து கெடக்கா. பயந்து கெடக்கவகிட்ட நான் மார்க்கத்தக் கொண்டு நீட்ட மாட்டேன். அவ கேட்டதுக்குச் சொல்லுதேன். கேக்காததுக்கு எம் வாய் தொறக்காது.”

பிறகு எதற்கு ஓதுகிறாய், சும்மா காற்றிலா என்று கேட்டார். அவள் நேராக வந்து எனக்கு உங்க மார்க்கம் வேணும் என்று கேட்டால் நானே உங்களுக்கு ஆள் அனுப்புகிறேன், அதுவரை என் வீட்டுக் கதவோரம் என் பொறுப்பு என்றேன். மார்க்கத்தில் கட்டாயம் கிடையாது என்று எனக்கு ஓதிக்கொடுத்ததே நீங்கள்தான் என்றேன். பயம் காட்டினால் மட்டுமா கட்டாயம், பயத்தில் இருக்கிறவளுக்கு ஆசை காட்டினாலும் கட்டாயம்தான் என்றேன். என் கணவர் சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நாளைக்கு மறுமையில் இதற்குப் பதில் கேட்கப்படும் என்றார் காக்கா, கோபமாக அல்ல, என்னை நினைத்துப் பயந்து. அங்கே நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். போகும்போது தலையில் கைவைத்து துஆ செய்துவிட்டுத்தான் போனார். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு பக்கம் முடிந்தது என்று நினைத்தேன். மறுபக்கம் அப்போதுதான் ஆரம்பித்தது.

மருமகள், ஏதோ ஒரு நினைப்பில், மாமியாரிடமே கேட்டிருக்கிறாள்: மாதாவுக்கு நிஜமாகவே வலிக்கவில்லையா என்று. எங்கிருந்து வந்தது இந்தக் கேள்வி என்று தோண்டியதில் நான் வந்தேன். வீட்டுக்காரம்மா கிணற்றடியில் வந்து நின்றார். இடுப்பில் கை, மூச்சு வாங்குகிறது. தெருவே கேட்கிற குரல்.

“எங்க மாதாவுக்கு வலிச்சிதுன்னு சொன்னியாமே?”

“சொன்னேன் மாமி.”

“வாய் கூசல?”

“எங்க வேதத்துல அப்பிடித்தான் இருக்கு. உங்க வேதத்த நான் சொல்லல. அவ கேட்டா, எங்களது இது, ஒங்களது அதுன்னு பிரிச்சுத்தான் சொன்னேன்.”

துலுக்கவீட்டுக்கு வாடகைக்கு விட்டதற்கு இது வேண்டும் எனக்கு என்றார். என் மருமகளை மந்திரம் ஓதி மயக்கப் பார்க்கிறாய், பேரீச்சம்பழத்தில் ஊதிக் கொடுத்திருக்கிறாய் என்றார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த ஊரில் சாயங்காலத் தொழுகை முடிகிற நேரம் பள்ளிவாசல் வாசலைப் பார்க்க வேண்டும். சிலுவை போட்டவள், பொட்டு வைத்தவள் எல்லாரும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தம்ளரில் தண்ணீரோடு நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஊதிக் கொடுத்துக்கொண்டே போவார்கள். உங்க மகன் சின்னதில் சீர்தட்டி நோவாகக் கிடந்தபோது தண்ணீர் ஓதி வாங்க நின்றது யார் மாமி, உங்க மருமகள்தான் எனக்குச் சொன்னாள் என்றேன். அது தண்ணி, இது மாதா என்றார். அதில் நியாயம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்றார். மருமகளுக்குப் பேறு அதற்கு அடுத்த மாதம்.

முடியாது என்றேன்.

என் கணவர் சாயங்காலம் வந்து, வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம், வீண் வம்பு எதற்கு என்றார். அவருக்கும் முடியாது என்றேன். மறுநாள் நானே அவர்கள் வாசலில் போய் நின்றேன், தெருப்பக்கம், எல்லாரும் பார்க்க. வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது, முக்காடு காற்றில் பறக்கிறது. உங்க மருமகளுக்குப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் நான் இந்த வீட்டை விட்டு அசைய மாட்டேன் மாமி. சாமான்களைத் தூக்கி வெளியே போட்டாலும் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பேன். பிறந்த பிறகு நீங்கள் சொல்லவே வேண்டாம், நானே போய்விடுகிறேன் என்றேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

வீட்டுக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பிறந்த மறுவாரம் போயிரணும்” என்றார். போகிறேன் என்றேன். அன்றைக்கே அவர்கள் பக்கக் கிணற்றடிக் கதவில் உள்தாழ்ப்பாளும் பூட்டும் விழுந்தன. எனக்கு ஓதுவதற்குக் கதவு வேண்டாம். குரல் வேண்டும். அது இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள் என்பதற்கு அடையாளமாக, அந்த இடம் வரும்போது சுவரில் ஏதோ ஒன்று, கரண்டியோ தேங்காய்ச் சிரட்டையோ, தட்டும்.

ஒரு முற்பகல் வலி வந்தது. குடோனில் அன்று அழுகின குவியலைக் கிளறியிருந்தார்கள் போலும், நாற்றம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. மருத்துவச்சி உள்ளே போவதைப் பார்த்தேன். கிணற்றடியில் போய் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல், பிறகு மாமியார் ஜெபமாலை சொல்லுகிற குரல், பிறகு அவள். கதவத் தொறங்க மாமி, அவளுக்கு வழி விடுங்க, இல்லன்னா நான் எழுந்து வந்து தொறப்பேன் என்று கத்தினாள். எழுந்தும்விட்டாள் என்று பின்னால் மருத்துவச்சி சொன்னார். பூட்டு திறந்தது. வீட்டுக்காரம்மா என் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி நின்றார்.

தலைமாட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். வீட்டுக்காரம்மா கால்மாட்டில் நின்று ஜெபமாலையைத் தொடர்ந்தார். நான் ஓத ஓத அவர் குரல் ஏறியது. என் குரலை மூடிவிட வேண்டும் என்று ஏறியது. நான் விடவில்லை. அருள் நிறைந்த மரியே என்று அவர் ஒரு பக்கம், மர்யம் என்று நான் ஒரு பக்கம், ஒரே பெண்ணை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். மருத்துவச்சிக்குப் பொறுக்கவில்லை.

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுதியளா, இவ சத்தம் எனக்குக் கேக்கணும்.”

மூடினோம். அப்போதுதான் எனக்கும் கேட்டது. அவள் சத்தமே போடவில்லை. உதடு நீலம் பாரித்து, கண் எங்கேயோ நிலைத்து, போன தடவை போலவே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சி முக்கு, முக்கு என்கிறார், அவள் முக்கவில்லை. விட்டுவிட்டாள். எந்த வரியில் நிறுத்தினேன் என்று தெரியவில்லை. மனப்பாடம் மொத்தமும் ஓடிப்போயிற்று.

வீட்டுக்காரம்மா ஜெபமாலையை மருமகளின் கையில் சுற்றினார். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினார். முதன்முதலாக என்னைத் தொட்டார்.

“ஏளா. அந்த வலிச்ச எடத்தச் சொல்லு.”

மறந்த வரி திரும்பி வந்துவிட்டது. ஓதினேன். ஓதி, தமிழிலும் சொன்னேன், அவள் காதில் வாயை வைத்து: செத்துப் போயிருக்கலாமே என்று அவர்களும் சொன்னார்கள், அப்படிச் சொன்னதற்காக ஒருவரும் அவர்களைக் கோபிக்கவில்லை, கவலைப்படாதே என்றுதான் குரல் வந்தது, மரத்தைப் பிடி, உலுக்கு. பிடிக்க மரம் இல்லை. என் கையைப் பிடித்தாள். உலுக்கினாள். என் மணிக்கட்டில் கண்ணாடி வளையல் நொறுங்கியது.

பிள்ளை அழுதது. பெண் பிள்ளை. நாற்றத்துக்கு அழுததோ என்னவோ, தெருக்கோடி வரைக்கும் கேட்க அழுதது. வீட்டுக்காரம்மா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். நான் என் பக்கம் வந்து, ரத்தத்தைக் கழுவிவிட்டு, லுஹர், மதியத் தொழுகை, தொழுதேன்.

வீட்டுக்காரம்மா பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. மாதாவுக்கு வலிக்கவில்லை என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகம் வந்திருக்காது. வலித்தது என்பதில் எனக்கும் வராது. காக்கா விஷயம் கேட்டு, அவ்வளவு கிட்டத்தில் போய்க் கையை விட்டுவிட்டாயே என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினார். கையை விடவில்லை காக்கா, கையைக் கொடுத்தேன், தழும்பு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அதே ஆளிடம் சொல்லியனுப்பினேன்.

மறுவாரம் சொன்னபடி கிளம்பினோம். ஒரு மாட்டுவண்டிச் சாமான். வீட்டுக்காரம்மா சாவியை வாங்கிக்கொண்டு, போயிட்டு வாங்க என்று பொதுவாகச் சொன்னார். என் கணவர் முன்னால் நடந்துவிட்டார். பிள்ளை பெற்றவள் வாசலுக்கு வரக்கூடாது. கிணற்றடிக் கதவில் பூட்டு இல்லை, கவனித்தேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, அது ஒப்பந்தத்தில் இல்லை. வண்டி நகர்கிற சமயம் தெரு ஜன்னல், குடோன் காற்றுக்குப் பயந்து எந்நேரமும் அடைத்தே கிடக்கிற அந்த ஜன்னல், திறந்தது. பிள்ளை தோளில் கிடந்தது. அவள் மூக்கில் பஞ்சு இருந்தது. கிணற்றுச் சுவரில் நான் விட்டுவந்த என் அத்தர்ப் பஞ்சு.

மூன்று வீடு தள்ளிப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஓதுவதை நிறுத்திவிடாதே என்று அவள் தெரு கேட்கச் சொன்னாள். போகிற இடத்திலும் பக்கத்து வீட்டில் எவளாவது இருப்பாள், எவளாவது கேட்பாள் என்றாள். கேட்டால் என்ன சொல்ல என்றேன், சும்மா, குரலை இன்னொரு முறை கேட்பதற்காக.

“எங்கிட்டச் சொன்னியே, அப்பிடியே சொல்லு. இனிக்கச் சொல்லாத.”